சென்னை டு ஃபிராங்க்ஃபர்ட்: தூரம் மாறவே இல்ல... ஆம்பூர் ஷூவுக்கு மட்டும் நேரம் ஏன் கூடுது?

சென்னையில் இருந்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் எவ்வளவு தூரம்னு மொபைலில் தட்டிப் பாருங்க. சுமார் 7,600 கிலோமீட்டர்னு வரும். பத்து வருஷத்துக்கு முன்னாடி தேடியிருந்தாலும் இதே பதில்தான். பூமியில் ரெண்டு ஊர் இடம் மாறுவதில்லையே!

ஆனால் 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்டால் பதில் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. சில சமயம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. சுற்றுலா போகிறவருக்கு இது ஒரு மணி நேரத் தூக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கம் ஷூ தைத்து ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது லாபமா நஷ்டமா என்பதையே முடிவு செய்யும் விஷயம்.

அது எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் ஃபிராங்க்ஃபர்ட்?

ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. மாவட்டம் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்கள் எல்லாமே பதனிட்ட தோல், ஷூ, ஷூவின் மேல்பாகமான அப்பர், தோல் பை என ஒரே சங்கிலியில் இருக்கின்றன. இந்திய தோல் பொருட்களை அதிகம் வாங்கும் நாடுகளின் பட்டியலில் ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன், இத்தாலி எப்போதும் முன்வரிசையில் இருக்கும்.

ஃபிராங்க்ஃபர்ட் ஐரோப்பாவின் பெரிய சரக்கு விமான நிலையங்களில் ஒன்று. அதன் பக்கத்து ஊர் ஆஃபன்பாக். ஜெர்மனியில் அது ஒரு காலத்து 'தோல் நகரம்'. 1917-ல் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் இன்றும் அங்கே இருக்கிறது. தோல் பொருள் கண்காட்சியும் அங்கே நடக்கிறது. அதாவது ஆம்பூர் மாதிரி ஒரு ஊர், ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்திலேயே இருக்கு. சென்னையில் இருந்து அங்கே லுஃப்தான்சாவின் நேரடி விமானமும் உண்டு.

முதல்ல கணக்கு: 7,600 கி.மீ. போக எவ்வளவு நேரம்?

பெரிய பயணிகள் விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 7,600-ஐ 900-ஆல் வகுத்தால் எட்டரை மணி நேரம்தான் வரணும். ஆனால் கால அட்டவணையில் சுமார் 10 மணி நேரம் என்று போட்டிருக்கும். மீதி ஒன்றரை மணி நேரம் எங்கே போனது?

மூன்று இடத்தில் போகிறது.

ஒன்று, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது. இந்த நேரத்தில் 900 கி.மீ. வேகம் கிடையாது.

இரண்டு, எதிர்காற்று. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி வீசும் பலமான காற்று உண்டு. இங்கிருந்து ஐரோப்பா போகும்போது அது முகத்தில் அடிக்கும். திரும்பி வரும்போது முதுகைத் தள்ளும். அதனால்தான் ஒரே பாதையில் பறந்தாலும் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

மூன்று, சுற்றுப்பாதை. இதுதான் நம்ம கதையின் முக்கியப் பகுதி. அதற்கு முன்னாடி ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடலாம்.

டிக்கெட்டில் 6 மணி நேரம், வானத்தில் 10 மணி நேரமா?

உதாரணத்துக்கு, சென்னையில் அதிகாலை 2 மணிக்குக் கிளம்பும் விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை 8 மணிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் 6 மணி நேரம் மாதிரி இருக்கும். ஆனால் ஜெர்மனி நேரம் நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். குளிர்காலக் கணக்குப்படி 6-உடன் நாலரையைக் கூட்டுங்கள். பத்தரை மணி நேரம். அதுதான் உண்மையான பயண நேரம்.

வருஷத்துக்கு இரண்டு முறை ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. 'போன மாசம் 8 மணிக்கு இறங்குச்சு, இந்த மாசம் 9 மணிக்கு இறங்குதே' என்று தோன்றினால், விமானம் மெதுவாகப் போகுதுன்னு அர்த்தம் இல்லை.

நூல் பிடிச்சா எந்தெந்த நாடு வழியா போகும்?

வீட்டில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து சென்னையில் ஒரு முனையையும் ஃபிராங்க்ஃபர்ட்டில் மறுமுனையையும் இழுத்துப் பிடியுங்க. சுவரில் மாட்டும் தட்டையான வரைபடத்தில் பார்க்காதீங்க, அது ஏமாற்றும். உருண்டை மேல் இழுத்துப் பிடித்த நூல்தான் மிகக் குறுகிய வழி.

அந்த நூல் சென்னையில் இருந்து வடமேற்காகக் கிளம்பி ராய்ச்சூர் பக்கம் போகும். மகாராஷ்டிராவைத் தாண்டி குஜராத்தின் பாவ்நகர், கட்ச் வழியாக இந்தியாவை விட்டு வெளியேறும்.

அடுத்து? பாகிஸ்தானின் சிந்து, பலுசிஸ்தான். ஆப்கானிஸ்தானின் தென்மேற்கு மூலையை உரசிக்கொண்டு ஈரான். காஸ்பியன் கடலின் தென்பகுதி. அசர்பைஜான், ஜார்ஜியா. கருங்கடல். அதன் பிறகு கிரிமியா. அப்புறம் உக்ரைனின் ஒடெசா நகரத்தின் மேலேயே. அங்கிருந்து ஸ்லோவாக்கியா, செக் குடியரசு வழியாக ஃபிராங்க்ஃபர்ட்.

இந்தப் பெயர்களைத் திரும்ப ஒரு முறை படிங்க. சில வருஷமா நம்ம செய்திகளில் போர், தாக்குதல், மூடல்னு வந்த பெயர்கள் இதில் எத்தனை! ஆம்பூர் ஷூ ஜெர்மனி போகும் நேர்கோட்டில்தான் இத்தனை பிரச்னையும் வரிசையாக உட்கார்ந்திருக்கு.

வானத்தில் யார் யார் கதவைச் சாத்தினாங்க?

2019: பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் தன் வான்வெளியை பிப்ரவரி 27-ல் மூடியது. ஜூலை 16-ல்தான் முழுமையாகத் திறந்தது.

2022: பிப்ரவரி 24-ல் ரஷ்யா தாக்குதலைத் தொடங்கிய நாளிலேயே உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்யாவும் ஒருவர் விமானத்துக்கு ஒருவர் தடை போட்டார்கள்.

2025 ஏப்ரல்: பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தடை விதித்தது. ஏப்ரல் 30-ல் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. இந்தத் தடை இந்திய நிறுவனங்களுக்குத்தான். ஆனால் மே மாதத் தொடக்கத்தில் லுஃப்தான்சா குழுமமும் ஏர் பிரான்ஸும் தாங்களாகவே பாகிஸ்தானைத் தவிர்த்துப் பறப்பதாக அறிவித்தன. ஃபிராங்க்ஃபர்ட் - டெல்லி விமானம் அப்போது ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகப் பறந்தது.

2025 ஜூன்: ஜூன் 13-ல் இஸ்ரேல் - ஈரான் மோதல் வெடித்ததும் ஈரான், ஈராக், ஜோர்டான், சிரியா, இஸ்ரேல் வான்வெளிகள் மூடப்பட்டன. ஜூன் 23 இரவு கத்தாரில் உள்ள அமெரிக்க தளத்தை ஈரான் தாக்கிய நேரத்தில் வளைகுடா நாடுகளும் சில மணி நேரம் கதவைச் சாத்தின.

ஒரு கதவு மூடினால் பக்கத்துக் கதவு வழியாகப் போகலாம். வரிசையா மூடினா? தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் கதைதான்.

சுத்திப் போனா எவ்வளவு கூடும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாகிஸ்தான், ஈரான், ஈராக், உக்ரைன் எதுவும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு மஸ்கட், ரியாத், கெய்ரோ என்று புள்ளி வைத்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கோடு போட்டால் சுமார் 8,300 கி.மீ. வருகிறது. நேர்கோட்டைவிட ஏறத்தாழ 700 கி.மீ. கூடுதல். அதாவது விமானத்துக்கு சுமார் 45 முதல் 50 நிமிடம்.

'இவ்வளவுதானா? 50 நிமிஷத்துக்கா இவ்வளவு பேச்சு?' என்று கேட்கலாம். பயணிக்கு அது 50 நிமிடம்தான். சரக்குக்கு அப்படி இல்லை.

பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் ஏற்றுமதி சரக்கில் பெரும்பகுதி போகிறது. ஒரு விமானம் இத்தனை டன்னுக்கு மேல் எடையோடு கிளம்பக் கூடாது என்று வரம்பு உண்டு. நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானம் ஒரு மணி நேரத்துக்கு 5, 6 டன் எரிபொருள் குடிக்கும். வழி நீண்டால் அதற்கேற்ற எரிபொருளைக் கிளம்பும்போதே ஏற்றணும். பயணிகளை இறக்கிவிட முடியாது, அவர்கள் பெட்டிகளையும் இறக்க முடியாது. மீதி என்ன இருக்கு? சரக்குதான். எடை வரம்பை நெருங்கும் நாட்களில் முதலில் 'அடுத்த விமானத்தில் பார்த்துக்கலாம்' என்று தரையில் நிற்பது ஷூ பெட்டி.

அடுத்த விமானத்தில் ஏற்கனவே வேறு சரக்கு புக் ஆகியிருக்கும். அப்போ ஒரு மணி நேரச் சுற்று, சரக்குக்கு ஒரு நாளாகவோ இரண்டு நாளாகவோ மாறிவிடும். இடம் குறைந்தால் கிலோ விலை ஏறும். 2020-ல் கொரோனா காலத்தில் பயணிகள் விமானங்கள் நின்றபோது சரக்குக் கட்டணம் எகிறியதும் இதே காரணத்தால்தான்.

துபாய் வழியா போனா ரொம்ப தூரமா?

இங்கே ஒரு ஆச்சரியம் இருக்கு. சென்னை - துபாய் சுமார் 2,930 கி.மீ. துபாய் - ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 4,840 கி.மீ. கூட்டினால் 7,770 கி.மீ. நேரடி தூரத்தைவிட 200 கி.மீ. கூட அதிகம் இல்லை!

ஆக, வளைகுடா வழியாகப் போனால் தூரம் பிரச்னை இல்லை. காத்திருப்புதான் பிரச்னை. பயணி மூன்று மணி நேரத்தில் அடுத்த விமானத்துக்கு ஓடிவிடுவார். பெட்டி தானாக ஓடாது. இறக்கி, கிடங்கில் வைத்து, இடம் கிடைக்கும் விமானத்தில் மறுபடி ஏற்றணும்.

எல்லாம் சரி, ஷூவை ஏன் விமானத்தில் அனுப்பணும்? கப்பல் இல்லையா?

ஆம்பூர் சரக்கில் பெரும்பகுதி கப்பலில்தான் போகிறது. சென்னை, காட்டுப்பள்ளி துறைமுகங்களில் கண்டெய்னர் ஏறும். பல நேரங்களில் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறும். அங்கிருந்து செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக ஜெர்மனியின் ஹாம்பர்க் வரை சுமார் 14,000 கி.மீ. கப்பல் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால் கடலில் மட்டும் 20 நாள். மாற்றி ஏற்றும் நேரமும் சேர்த்தால் ஏறத்தாழ நாலு வாரம்.

இந்தக் கணக்கு 2023 இறுதியில் உடைந்தது. செங்கடலில் ஏமனின் ஹவுதி படையினர் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். டிசம்பரில் இருந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. 6,000 முதல் 7,000 கி.மீ. வரை கூடுதல். 10 முதல் 14 நாள் தாமதம். நாலு வாரம் ஆறு வாரம் ஆனது.

ஷூ என்பது சீசன் சரக்கு. ஐரோப்பியக் கடைகளுக்குக் குளிர்கால பூட்ஸ் கோடையிலேயே போய்ச் சேரணும். ஜனவரியில் போய் இறங்கும் பூட்ஸைத் தள்ளுபடி விலையில்தான் விற்க முடியும். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே டெலிவரி தேதி குறித்துவிடுவார்கள். அந்தத் தேதியை வாங்குகிறவர் அவ்வளவு சுலபத்தில் மாற்ற மாட்டார்.

இப்போ யோசிங்க. டெலிவரி தேதி அப்படியே இருக்கு. கப்பல் நாள் இரண்டு வாரம் கூடிவிட்டது. அந்த இரண்டு வாரத்தை எங்கே பிடிப்பது? தோல் வாங்கி, வெட்டி, தைத்து, சோல் ஒட்டி, பெட்டி போடும் நாட்களில்தான் பிடிக்கணும். செங்கடலில் விழும் ஏவுகணைக்கு ஆம்பூர் தையல் லைனில் ஓவர்டைம் ஓடுவது இப்படித்தான். அந்த லைனில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள். பஸ் வீடு திரும்பும் நேரம் தள்ளிப்போகும்.

அப்படியும் தேதிக்குள் முடியாவிட்டால்? 'விமானத்தில் அனுப்புங்க, செலவு உங்களுது' என்பார் வாங்குகிறவர். தொழிலில் இருப்பவர்கள் பயப்படும் வார்த்தை இதுதான்.

காத்துக்கும் காசு: பெட்டிக்கணக்கு தெரியுமா?

விமானச் சரக்கில் எடையை மட்டும் பார்த்துக் காசு வாங்க மாட்டார்கள். பெட்டி எவ்வளவு இடம் அடைக்கிறது என்றும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது 'வால்யூம் எடை'. உண்மை எடை, வால்யூம் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

ஒரு சாதாரண ஷூ பெட்டி 33 செ.மீ. நீளம், 20 அகலம், 12 உயரம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கி வகுத்தால் 1.32 கிலோ. உள்ளே இருக்கும் ஷூ பெட்டியோடு ஒரு கிலோதான் என்றாலும் 1.32 கிலோவுக்குக் காசு கட்டணும். பூட்ஸ் பெட்டி 36, 28, 12 என்றால் 2 கிலோவுக்கு வந்துவிடும்.

இப்போ ஒரு உதாரணக் கணக்கு. கட்டணம் சீசனுக்கு சீசன் மாறும் என்பதால் புரிதலுக்காக மட்டும்:

* ஷூ: 1,000 ஜோடி
* ஒரு ஜோடி விலை: 1,500 ரூபாய்
* லாபம் 8% என்றால் ஜோடிக்கு: 120 ரூபாய்
* விமானக் கட்டணம் கிலோவுக்கு 200 ரூபாய் என்றால் ஜோடிக்கு: 264 ரூபாய்
* முடிவு: ஜோடிக்கு 144 ரூபாய் நஷ்டம்

கப்பலில் போயிருந்தால் 1,20,000 ரூபாய் லாபம் தந்திருக்க வேண்டிய ஆர்டர், 1,44,000 ரூபாய் நஷ்டத்தில் முடிகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

முழு ஷூவைவிட அப்பர் மட்டும் அனுப்புவது விமானத்துக்கு ஏன் தோதானது என்பதும் இங்கே புரியும். சோல் ஒட்டாத அப்பரை அடுக்கி வைக்கலாம், காற்று குறைவு. ஐரோப்பாவில் உள்ள தொழிற்சாலை அங்கே சோல் ஒட்டிக்கொள்ளும். பதனிட்ட தோலும் அப்படித்தான், சுருட்டிக் கட்டினால் இடம் அடைக்காது.

விமானம் இல்லாமல் நடக்காத இன்னொரு வேலை சாம்பிள். ஆர்டர் கிடைப்பதற்கு முன்னால் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று மாதிரி அனுப்பணும். 'கலர் கொஞ்சம் மாத்துங்க, ஹீல் குறைங்க' என்று திருத்தம் வரும். மறுபடி அனுப்பணும். இப்படி மூன்று முறை போய் வந்தால், ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் தாமதம் என்றாலே ஒரு வாரம் காலி. அந்த ஒரு வாரமும் உற்பத்தி நாளில் இருந்துதான் கழியும்.

ஆம்பூர் டு மீனம்பாக்கம்: யாரும் பேசாத 180 கி.மீ.

7,600 கி.மீ. பற்றிப் பேசுகிறோம். அதற்கு முன்னால் ஆம்பூரில் இருந்து சென்னை விமான நிலையம் வரை சுமார் 180 கி.மீ. தரைவழிப் பயணம் இருக்கு. லாரியில் நாலு, ஐந்து மணி நேரம். வானத்தில் இதே தூரத்தை விமானம் 12 நிமிடத்தில் கடந்துவிடும்.

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வாலாஜாபேட்டை வரை ஒழுங்காக வந்தாலும், ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது வேகம் குறைந்துவிடும். விமான நிலையம் போனதும் நேராக விமானத்தில் ஏற்ற முடியாது. சுங்கத் தாக்கல், எக்ஸ்ரே சோதனை, எடை, அளவு எல்லாம் முடியணும். விமானம் கிளம்புவதற்குப் பல மணி நேரம் முன்னாடியே சரக்கை ஒப்படைக்கணும். நெரிசலில் ஒரு மணி நேரம் மாட்டி அந்தக் கெடுவைத் தவறவிட்டால், அடுத்த விமானம் மறுநாள்தான்.

அதாவது பாகிஸ்தானைச் சுற்றிப் போகும் 50 நிமிடமும், பூந்தமல்லி பக்கம் டிராஃபிக்கில் நிற்கும் 50 நிமிடமும் சரக்குக்கு ஒன்றுதான். முதலாவது நம்ம கையில் இல்லை. இரண்டாவது நம்ம கையில் இருக்கு.

வேலூர்லயே ஏர்போர்ட் வந்தா பிரச்னை தீருமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வரும். வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்தில் பழைய விமான ஓடுதளம் இருக்கு. மத்திய அரசின் உதான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பிக்கும் வேலைகள் நடந்தன. ஆனால் அதன் ஓடுபாதை சுமார் 850 மீட்டர். 19 பேர் உட்காரும் சின்ன விமானங்களுக்கு ஏற்றது.

சென்னையின் முக்கிய ஓடுபாதை சுமார் 3.6 கி.மீ. நீளம். ஃபிராங்க்ஃபர்ட் வரை எரிபொருளும் சரக்கும் ஏற்றிக் கிளம்பும் விமானத்துக்கு அந்த அளவு நீளம் தேவை. எனவே அப்துல்லாபுரத்தில் சேவை தொடங்கினால் சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கும், கையில் சாம்பிள் பையோடு அவசரமாகக் கிளம்பும் வியாபாரிகளுக்கும் உதவலாம். ஷூ பெட்டிகளுக்கு அது வழி ஆகாது.

பெங்களூரு? ஆம்பூரில் இருந்து தேவனஹள்ளி விமான நிலையம் ஏறத்தாழ 200 கி.மீ. சென்னையும் பெங்களூருவும் ஆம்பூருக்குக் கிட்டத்தட்ட சம தூரம். இது சங்கடம் மாதிரி தெரிந்தாலும் ஒரு வசதிதான். ஒரு பக்கம் இடம் கிடைக்காவிட்டால் இன்னொரு பக்கம் பார்க்கலாம். ஆனால் அந்தப் பக்கமும் பெங்களூரு நெரிசல் காத்திருக்கு.

பரந்தூர்? சென்னைக்கான இரண்டாவது விமான நிலையம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூரில் அமையும் என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. வேலூர் பக்கம் இருந்து வரும் லாரிகள் சென்னை நகர நெரிசலுக்குள் நுழையாமலே சரக்கை ஒப்படைக்க முடியும் என்பது அதில் இருக்கும் லாபம். அதே நேரத்தில் ஏகனாபுரம் உள்ளிட்ட கிராம மக்கள் விளைநிலமும் நீர்நிலையும் போய்விடும் என்று தொடர்ந்து போராடுகிறார்கள். நம்ம லாரிக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரத்துக்கு இன்னொருவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கைப் பார்க்கணும்.

பயண நேரம் வரியாகவும் மாறும்: அமெரிக்கா உதாரணம்

2025-ல் இன்னொரு பாடம் கிடைத்தது. ஆகஸ்ட் 7 முதல் 25%, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25% என இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா மொத்தம் 50% கூடுதல் வரி போட்டது. அதில் ஒரு சலுகை வைத்தார்கள். ஆகஸ்ட் 27-க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்கு முன் அமெரிக்காவில் சுங்கத் தாக்கல் ஆகும் சரக்குக்கு இரண்டாவது 25% கிடையாது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இடையில் இருப்பது மூன்று வாரம். சென்னையில் இருந்து நியூயார்க் விமான வழியிலேயே சுமார் 13,500 கி.மீ. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல் மூன்று வாரத்தில் போய்ச் சேரவே முடியாது. ஆகஸ்ட் தொடக்கத்திலோ அதற்கு முன்போ கப்பல் ஏறிய பெட்டிகள்தான் தப்பிக்க முடியும். பக்கத்தில் இருக்கும் நாட்டுக்கு சலுகையாக இருக்கும் விதி, தூரத்தில் இருக்கும் ஊருக்கு வெறும் காகிதம்.

மறுபக்கம் ஒரு நல்ல செய்தியும் வந்தது. 2025 ஜூலை 24-ல் இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தோல், ஷூவுக்கு இருந்த 16% வரையிலான வரியை நீக்க அதில் வழி செய்யப்பட்டுள்ளது. சென்னை - லண்டன் சுமார் 8,230 கி.மீ., அதற்கும் நேரடி விமானம் உண்டு. ஆனால் வரியில் மிச்சமாவதை விமானக் கட்டணத்தில் விட்டுவிட்டால் ஒப்பந்தத்தின் பலன் ஆம்பூர் வரை வந்து சேராது.

அப்போ என்னதான் செய்யலாம்?

வான்வெளியைத் திறப்பதும் செங்கடலில் சண்டையை நிறுத்துவதும் ஆம்பூர் கையில் இல்லை. ஆனால் செய்யக்கூடியவை சில உண்டு.

* ஒப்பந்தத்திலேயே எழுதுவது: போர், வான்வெளி மூடல், கப்பல் பாதை மாற்றம் வந்தால் டெலிவரி தேதி எத்தனை நாள் நீளும், விமானச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசி எழுதிவிடணும். சண்டை வந்த பிறகு பேசினால் பேரம் பேசும் பலம் இருக்காது.

* பிரித்து அனுப்புவது: 1,000 ஜோடியில் கடை திறப்புக்கு அவசரமான 200 ஜோடியை மட்டும் விமானத்தில் அனுப்பி, மீதியைக் கப்பலில் அனுப்ப வாங்குகிறவரைச் சம்மதிக்க வைக்கலாம். மேலே போட்ட கணக்குப்படி விமானச் செலவு 2,64,000-ல் இருந்து 52,800 ரூபாயாகக் குறையும். லாபம் பாதி போனாலும் நஷ்டம் வராது.

* பெட்டியைச் சுருக்குவது: 12 செ.மீ. உயரத்தை 11 ஆக்கினாலே வால்யூம் எடை 1.21 கிலோவாகக் குறையும். 1,000 ஜோடிக்கு 110 கிலோ மிச்சம். அதே உதாரணக் கட்டணத்தில் 22,000 ரூபாய்.

* தரை நேரத்தைக் குறைப்பது: சுங்கத் தாக்கலையும் சோதனையையும் ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கமே முடித்து, சீல் வைத்த பெட்டியாக விமான நிலையம் கொண்டுபோகும் வசதி பெருகினால், நெரிசலில் போகும் நேரத்தை இங்கே ஈடுகட்டலாம். இது அரசும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

பெரிய கம்பெனிகளால் ஒரு சீசன் அடியைத் தாங்க முடியும். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் எடுத்து அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுக்கு ஒரு ஆர்டர் விமானத்தில் போனாலே அடுத்த மாதச் சம்பளம் கேள்விக்குறி. இந்தச் செலவைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவில் வைக்க வேண்டியது அவர்களைத்தான்.

சுருக்கமா சொன்னா...

* சென்னை - ஃபிராங்க்ஃபர்ட் நேர்தூரம் சுமார் 7,600 கி.மீ., நேரடி விமானத்தில் சுமார் 10 மணி நேரம்.
* நேர்வழியில் பாகிஸ்தான், ஈரான், கிரிமியா, உக்ரைன் வருகின்றன. எல்லாவற்றையும் தவிர்த்தால் சுமார் 700 கி.மீ. கூடும்.
* பயணிக்கு 50 நிமிடத் தாமதம், சரக்குக்கு ஒரு நாள், இரண்டு நாளாக மாறலாம்.
* செங்கடலைத் தவிர்க்கும் கப்பல் 10 முதல் 14 நாள் தாமதம். அந்த நாட்கள் கழிவது ஆம்பூர் தையல் லைனில்.
* வேலூர் விமான நிலையம் வந்தாலும் ஷூ பெட்டிக்கு சென்னையோ பெங்களூருவோதான் வழி.

அடுத்த முறை 'வான்வெளி மூடல்' என்று நம்ம திரையில் செய்தி ஓடும்போது, அது எங்கேயோ நடக்கும் சண்டை என்று தள்ளிவிட்டுப் போகாதீங்க. அந்தப் பாதை ஆம்பூர் வழியாகத்தான் கிளம்புது.